மழையில் மட்டும் நின்ற வைப்பர்

வசந்தி வாசலில் நின்றபடியே கார் சாவியை நீட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, இத நீங்களே வச்சுக்கோங்க. வீட்ல இருந்தா மறுபடியும் எடுக்கத் தோணும்."

ஒரு சனிக்கிழமை காலை. முந்தின இரண்டு நாட்களும் மழை கொட்டித் தீர்த்திருந்தது. அன்று வெயில். எங்கள் ஊரான கேட்டியில் மழைக்கு அடுத்த நாள் வெயில் என்றால் குக்கர் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்த மாதிரி இருக்கும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். யாரும் நடக்காத தெருவில், யாரும் நடக்காத நேரத்தில். முகம் முழுக்க வியர்வை.

"காரு எங்க?"

"டிரைவ்வேல நிக்குது. முரளி வித்துடட்டும், என்ன வேணா பண்ணட்டும். நான் இனிமே ஓட்டப் போறதில்ல. மண்டே அன்னிக்கு வேலையையும் ரிசைன் பண்றேன்."

வசந்தி பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் நடக்க வைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து வீடு. ஹூஸ்டனின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில் கார் இல்லாமல் ஒரு லிட்டர் பால் வாங்க முடியாது. கார் ஓட்டாத வசந்திக்கு வேலை மட்டும் இல்லை, பகலே இல்லை.

உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஃப்ரீவேயில் நடந்தது

வியாழக்கிழமை மாலை. மகள் தியாவை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் வந்திருக்கிறாள். திடீரென்று மழை. எங்கள் பக்கத்து மழைக்குத் தூறல் என்ற ஆரம்பமே கிடையாது. வைப்பரைப் போட்டாள், ஓடியது. கொஞ்ச தூரம் வந்ததும் கண்ணாடியின் பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

"ஒண்ணுமே தெரியலக்கா. முன்னாடி போற வண்டியோட ரெட் லைட் மட்டும் கரைஞ்சு கரைஞ்சு தெரியுது. பின்னாடி டிரக்காரன் ஹார்ன் அடிக்கிறான். தியா வேற, 'அம்மா, வொய் ஆர் யூ ஸ்டாப்பிங்?'னு கத்துறா. எப்படி ஷோல்டருக்கு வந்தேன்னு எனக்கே தெரியல."

ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார்கள். மழை விட்டது. மறுநாள் காலை வைப்பர் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

இது முதல் தடவை இல்லை. அந்த வசந்த காலத்தில் இதற்கு முன்பும் சில முறை நடந்திருந்தது. டீலரிடம் மூன்று முறை விட்டார்கள். முதல் முறை வைப்பர் மோட்டாரை மாற்றினார்கள். அடுத்த முறை, எந்தக் கோளாறும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை, வேண்டுமானால் பாடி கண்ட்ரோல் மாட்யூலை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் சரியாகும் என்று உறுதி சொல்ல மாட்டோம் என்றார்கள்.

அவள் கணவன் முரளி எடுத்து ஓட்டிய நாளெல்லாம் வெயில். அவனுக்கு வைப்பர் ஒரு முறைகூட நிற்கவில்லை.

வசந்தி டம்ளரை டேபிளில் வைத்தாள்.

"நானே ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டேனோன்னு முரளி நினைக்கிறான். வாய்விட்டுச் சொல்லல. ஆனா நியூராலஜிஸ்ட பார்க்கலாமான்னு கேட்டான்."

"நீ என்ன நினைக்கிற?"

"எங்கம்மாவுக்கு அம்பது வயசுலயே ஆரம்பிச்சுதுக்கா. கேஸ ஆன் பண்ணிட்டு, நான் பண்ணலம்பாங்க. நாங்க சிரிப்போம். எனக்கு இப்ப நாப்பத்தி மூணு."

வைப்பர் கதை இல்லை இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மீட்டர் அக்கா

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தத் தொடரின் பழைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காக.

நான் கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் பீளமேட்டில் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். ஆள் உயர இரும்பு அலமாரிகள், உள்ளே வரிசை வரிசையாக ரிலேக்கள். ரிலே என்றால் பெரிய விஷயமில்லை. ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு சுவிட்ச். சுருளில் கொஞ்சம் கரண்ட் போனால் அது காந்தமாகி சுவிட்சை இழுக்கும். 'டிக்' என்று சத்தம் வரும். அந்த சுவிட்ச் வழியாகப் பெரிய கரண்ட் மோட்டாருக்குப் போகும். சின்னக் கையால் பெரிய கதவைத் திறக்கிற வேலை. சத்தம் வராத ரிலேயைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் சம்பளம்.

அமெரிக்காவுக்கு டிபென்டன்ட் விசாவில் வந்தபோது சூட்கேஸில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கரண்ட் அளக்கும் என் மல்டிமீட்டரையும் வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் அதை எடுத்து, என்ன இது என்று கேட்டார்கள். என் கணவர், "ஷீ லைக்ஸ் இட்" என்றார். வேறென்ன சொல்வார் பாவம்.

வேலை செய்ய அனுமதி இல்லாத நீண்ட வருடங்களில் அந்த மீட்டர்தான் என்னை வெளியே கூட்டிப்போனது. பக்கத்து வீட்டு டிரையர், எதிர் வீட்டு கராஜ் கதவு, கோயில் ஹாலின் மைக் செட். தமிழ்ச் சங்கத்தில் நாலு மாலதி இருந்ததால் என்னை 'மீட்டர் அக்கா' என்று அடையாளம் சொல்வார்கள். கிரீன் கார்டு வந்த பிறகு பெரிய கட்டடங்களின் ஏசி கண்ட்ரோல்களைப் பார்க்கும் வேலை கிடைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

எனவே வசந்தி சாவியை என்னிடம் கொண்டுவந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. விற்கப்போகிற காரின் சாவியை யாரும் மீட்டர் அக்காவிடம் கொடுப்பதில்லை.

மூன்று கேள்விகள்

"வைப்பர் நின்னப்ப ஏசி ஓடுச்சா?" என்று கேட்டேன்.

வசந்தி யோசித்தாள். "இல்ல. உள்பக்கமெல்லாம் பனி படிஞ்சுது. நான் கையால துடைச்சேன்."

"ஜன்னல்?"

"தலைய வெளிய நீட்டிப் பார்க்கலாம்னு பட்டன அமுக்கினேன். இறங்கல. பயத்துல சரியா அமுக்கலன்னு நினைச்சேன்."

"இன்ஜின் ஓடிச்சுல்ல? ஹெட்லைட்?"

"அதெல்லாம் இருந்துச்சு."

"இத டீலர்கிட்ட சொன்னியா?"

"அவங்க கேட்கல. வைப்பர் நின்னுதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வைப்பர், ஏசி காற்று, ஜன்னல். மூன்றும் ஒரே நேரத்தில் போய், ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன என்றால் மூன்றும் கெட்டுப்போகவில்லை. மூன்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது. அது நின்றால் மூன்றும் நிற்கும். அந்தப் பொதுவான ஒன்று பெரும்பாலும் ஒரு ரிலே. அந்த ரிலேக்கு ஆணையிடுவது பாடி கண்ட்ரோல் மாட்யூல். விளக்கு, பூட்டு, கண்ணாடி என்று இன்ஜின் தவிர்த்த வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர் அது.

"வைப்பர் சுவிட்ச நீயே ஆஃப் பண்ணியிருந்தா வைப்பர் மட்டும்தான் நிக்கும். ஜன்னலும் ஏசியும் ஏன் நிக்கணும்?" என்றேன்.

வசந்தி என்னைப் பார்த்தாள். ஆனால் நம்பிவிடவில்லை. நம்பிக்கை வைத்து ஏமாந்துபோக அவளுக்குத் தெம்பு இல்லை.

திருப்பூர் சாயப்பட்டறை

மழையில் மட்டும் வருகிற கோளாறு என்றதும் எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது.

ஒரு சாயப்பட்டறையில் எங்கள் பேனல் அடிக்கடி நின்றுபோகிறது என்று புகார். நானும் கூட வேலை பார்த்த ஜெயந்தியும் போனோம். காலையில் போய் எல்லாவற்றையும் அளந்தால் எல்லாம் சரி. கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், கோயம்புத்தூர் வருவதற்குள் மறுபடியும் போன். மூன்றாவது முறை ஜெயந்தி, "எப்ப நிக்குதோ அதுவரைக்கும் இங்கயே உட்காருவோம்டி" என்றாள். உட்கார்ந்தோம். பிற்பகலில் பெரிய கொப்பரையைத் திறந்தார்கள். நீராவி ஹால் முழுக்கப் பரவியது. என் கண்ணாடியில் பனி படிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பேனல் நின்றது. ஒயர்கள் நுழையும் பெட்டிக்குள் நீராவி தண்ணீராகி ஒரு முனையை அரித்திருந்தது.

கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேட முடியாது. அது வருகிற நேரத்தில் நாம் அங்கே இருக்கவேண்டும். வராவிட்டால் வரவழைக்கவேண்டும்.

"வசந்தி, உங்க வீட்டுத் தோட்டத்து ஹோஸ் எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

டிரைவ்வேயில் மழை

முரளி அரை டிராயரோடு வெளியே வந்தான். நல்ல மனிதன், எண்ணெய் கம்பெனியில் டேட்டா வேலை. எதையும் கிராஃபில் பார்த்தால்தான் நம்புவான்.

"அக்கா, ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டாங்க. ஒரு எரர் கோடு கூட இல்ல."

"தெரியும் முரளி. நீங்க ஹோஸ எடுத்துட்டு வாங்க."

காருக்குள் தலையை நுழைத்ததும் ஒரு வாடை. பழைய ஈரத் துணி வாடை.

"தியா பால் கொட்டிட்டான்னு நினைச்சேன்" என்றாள் வசந்தி. கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவரின் இடது கால் படும் மூலையில் கார்பெட்டை அமுக்கினேன். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது.

அண்ணாந்து பார்த்தேன். காரின் கூரையில் கண்ணாடி ஜன்னல். அதன் நாலு மூலையிலும் மழைத் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு, அவை அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். வசந்தியின் கார் எப்போதும் அவர்கள் வீட்டு ஓக் மரத்தின் கீழ்தான் நிற்கும். அந்த மரத்தின் பூக்கள் பழுப்பு நூல்களாகக் கூரை முழுக்க ஒட்டிக் கிடந்தன.

ஸ்டியரிங்குக்குக் கீழே ரிலே பெட்டி. மூடியைக் கழற்றிப் பொதுவான அந்த ரிலேயைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் அதே மாதிரி ஹார்னுக்கான ரிலே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். ரிலேயே கெட்டிருந்தால் இனி ஹார்ன்தான் நிற்கவேண்டும், வைப்பர் அல்ல.

வசந்தியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். தயங்கினாள். பிறகு உட்கார்ந்தாள். நான் திருப்பிக் கொடுத்த சாவியைப் போட்டு, வைப்பரையும் ஏசியையும் போட்டாள். நான் திறந்த கதவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ரிலேயின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டேன். முரளி கூரையின் மேல் தண்ணீரை விட்டான்.

தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. வைப்பர் ஓடியது. என் முதுகெல்லாம் நனைந்தது. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. முரளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஹோஸை மாற்றினான். எதிர் வீட்டுக்காரர் நாயோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

அப்போது என் விரலுக்குக் கீழே ரிலே துடித்தது, இழுத்த சுவிட்சை விட்டுவிடும் சத்தம். 'டிக்'.

வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றது. ஏசிக் காற்று பெருமூச்சு மாதிரி அடங்கியது.

வசந்தி இரண்டு கையையும் உயரத் தூக்கிவிட்டாள், யாரோ துப்பாக்கி காட்டிய மாதிரி. "அக்கா! நான் எதையும் தொடல! நீங்க பாத்தீங்கல்ல? நான் தொடல!"

"பாத்தேன் கண்ணு. நீ தொடல."

முரளி கண்ணாடிக்கு வெளியிலிருந்து குனிந்து பார்த்தான். "வைப்பர ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க?"

"யாரும் ஆஃப் பண்ணல முரளி. சுவிட்ச் ஆன்லதான் இருக்கு. வந்து பாருங்க."

ஹோஸைப் புல்லில் போட்டுவிட்டு வந்தான். சுவிட்சைப் பார்த்தான். ஜன்னல் பட்டனை அமுக்கினான், இறங்கவில்லை. மறுபடியும் அமுக்கினான். ஹார்னை அமுக்கினேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. அப்படியென்றால் ரிலே நல்ல ரிலே.

முரளி காருக்குள் குனிந்தான். தூக்கியபடியே இருந்த வசந்தியின் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

பச்சை

வரவழைத்த கோளாறு ஓடிப்போவதற்குள் பிடிக்கவேண்டும். மீட்டரின் ஒரு முனையை ரிலேயின் சுருளுக்கு வரும் ஒயரில் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட், சரி. சுருளிலிருந்து வெளியேறும் ஒயரில் வைத்தேன். அங்கே மாட்யூல் கரண்டைத் தரைக்கு, அதாவது எர்த்துக்கு, இறக்கிவிடவேண்டும், மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். ஒன்பது காட்டியது.

ஒன்று, மாட்யூல் ஆணை கொடுக்கவில்லை. இல்லாவிட்டால் ஆணை வழியில் தொலைகிறது. க்ளவ் பாக்ஸை முன்பே கழற்றி வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இருந்த மாட்யூலில் அதே ஒயரின் மறுமுனையைத் தொட்டேன். பூஜ்யம்.

"மாட்யூல் சொல்லிட்டேதான் இருக்கு. ரிலேக்குத்தான் கேட்கல" என்றேன்.

ஒயர் போகும் வழி டிரைவர் பக்கத்து ஈர மூலைதான். ஓரத்துப் பிளாஸ்டிக்கைப் பெயர்த்து, ஒயர் கட்டைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். இரண்டு ஒயர்களை ஒட்டியிருந்த ஒரு இணைப்பு. டேப்பிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. செம்புக் கம்பிகள் பொடிப்பொடியாகப் பச்சை பூத்திருந்தன. இரண்டோ மூன்றோ இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. நனைந்தால் அதுவும் விட்டுவிடும், காய்ந்தால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

விரல் நுனியில் அந்தப் பச்சையை எடுத்து வசந்தியிடம் காட்டினேன்.

"இதுதான்."

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "நின்னது வைப்பர்தான் வசந்தி. நீ எதையும் மறக்கல. நீ பாத்தது அத்தனையும் நடந்தது."

அவள் அழவில்லை. சீட்டில் அப்படியே சாய்ந்து, நுரையீரலின் அடியிலிருந்து ஒரு மூச்சு விட்டாள். எத்தனையோ வாரங்களாகப் பாதி மூச்சிலேயே இருந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்தேன். புது ஒயர் வைத்துச் சால்டர் செய்து, தண்ணீர் புகாத உறை போட்டேன். முரளி கூரையில் ஏறாத குறையாகக் குனிந்து, வடிகால் குழாய்க்குள் நைலான் நூலை விட்டு விட்டு இழுத்தான். கறுப்புச் சேறாக ஓக் பூக்கள் வந்தன. பிறகு டயருக்குப் பக்கத்தில் தண்ணீர் கலகலவென்று கொட்டியது. மூன்று பேருமே கைதட்டினோம்.

மறுபடியும் ஹோஸ். இந்த முறை முன்பைவிட வெகுநேரம் பிடித்தோம். வைப்பர் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. "போதும் முரளி, புல்லுக்கும் தண்ணி போதும்" என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எவ்வளவோ மழை பெய்துவிட்டது, ஒரு புயல்கூட வந்துபோனது. அந்த வைப்பர் நிற்கவில்லை. வசந்தி வேலையை விடவில்லை.

மதியம்

எங்கள் வீட்டில் சாப்பிடலாம் என்று கிளம்பினோம். தியா ஒரு தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள், மாலையில்தான் கூட்டிவரவேண்டும். அந்த இரண்டு தெருவுக்கும் வசந்திதான் ஓட்டினாள். நடந்தே வந்துவிடலாம்தான். யாரும் அதைச் சொல்லவில்லை.

நான் உடை மாற்றிக்கொண்டு குழம்பைச் சூடு பண்ணினேன். தட்டுகளோடு ஹாலுக்கு வந்தால், வசந்தி சோபாவில் தூங்கிவிட்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் மேலே. ஈர ஜீன்ஸ். லேசான குறட்டை.

முரளி கை கழுவிவிட்டு வந்தவன் அப்படியே நின்றான்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம்க்கா. ப்ளீஸ்."

டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ராத்திரில எழுந்து உட்கார்ந்துப்பாக்கா. பேஷண்ட்ஸ் பேரெல்லாம் வரிசையா சொல்லிப் பாப்பா. தெரு பேரு, வீட்டு நம்பர் எல்லாம். ஒண்ணு விட்டுட்டா முதல்லேர்ந்து ஆரம்பிப்பா. நான் தூங்கற மாதிரியே படுத்திருப்பேன். என்ன சொல்றதுன்னு தெரியாது."

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவன் சாப்பிட்டான்.

கரண்டி பாத்திரத்தில் படாமல் பார்த்துக்கொண்டோம். டிஷ்வாஷரைப் போடவில்லை. முரளி போனை அணைத்து வைத்தான். பிறகு தானாகவே எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

மகளைக் கூட்டிவர நேரம் நெருங்கும்போதுதான் வசந்தி கண் விழித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கன்னத்தில் சோபாவின் தையல் கோடு பதிந்திருந்தது.

"எனக்குச் சாப்பாடு வச்சிருக்கீங்களா, இல்ல எல்லாத்தையும் இவனே சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.